வீட்டுக் கணிப்பொறியில் தங்கிவிட்ட பழைய மென்பொருள்கள்

நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும் நேரத்தில், உறுப்பினர்கள் என்னிடம் ரயில் நேரம் கேட்டது ஒரு காலம். இப்போது கேட்பதெல்லாம் கணிப்பொறி பற்றித்தான். நான் தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படித்தது சிவில் டிப்ளமா. கணிப்பொறியை யாரும் எனக்கு வகுப்பறையில் சொல்லித் தரவில்லை. ஆயினும் கரமனை, வலியசாலை, பூஜப்புரை பகுதிகளில் நம்மவர் வீடுகள் பலவற்றில் கணிப்பொறியைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. இந்தியாவின் முதல் டெக்னோபார்க் 1990-இல் வந்த ஊர் நம் ஊர். பிள்ளைகள் அங்கேயோ பெங்களூரிலோ துபாயிலோ இதே துறையில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வாங்கி வைத்துவிட்டுப் போன கணிப்பொறி மட்டும் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கிறது. பென்ஷன் கணக்கு, வருமான வரி, ரயில் டிக்கெட், பேரன் பேத்தி புகைப்படம் எல்லாம் அதற்குள்தான்.

இந்த வீடுகளில் நான் பார்க்கும் குறை பெரும்பாலும் ஒன்றே. புதியதைப் போடுகிறார்கள், பழையதை எடுப்பதில்லை.

ரயில்வேயில் புதுத் தண்டவாளம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று ஆகாது. கழற்றிய தண்டவாளம், பிளேட், போல்ட் எல்லாவற்றையும் எண்ணி, வண்டியில் ஏற்றி, டிப்போவில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கவேண்டும். இரும்பின் விலைக்காக மட்டும் அல்ல. பாதையோரம் விட்டுவைத்த ஒரு துண்டுத் தண்டவாளம் கெட்ட எண்ணம் உள்ளவன் கையில் கிடைத்தால், அதைப் பாதையில் குறுக்கே வைத்தே அவன் ரயிலைக் கவிழ்த்துவிடலாம். ஆயுதத்தை அவன் கொண்டுவர வேண்டியதில்லை. நாமே போட்டு வைத்திருக்கிறோம். கணிப்பொறியில் பழைய மென்பொருள் கிடப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஓட்டை எங்கிருந்து வருகிறது?

மென்பொருள் என்பது மனிதர் எழுதிய கட்டளைகளின் தொகுப்பு. லட்சக்கணக்கான வரிகளில் சில இடங்களில் தவறு இருக்கத்தான் செய்யும். அத்தவறுகளில் சில, வெளியாள் ஒருவர் நம் கணிப்பொறிக்குள் நுழைந்து தன் விருப்பப்படி கட்டளையிட வழி தந்துவிடும். இதையே ஓட்டை என்கிறோம். ஓட்டை தெரிந்ததும் தயாரித்த நிறுவனம் அதை அடைத்து ஒரு திருத்தம் வெளியிடும். அந்தத் திருத்தத்தை நம் கணிப்பொறியில் ஏற்றுவதுதான் அப்டேட். புதிய அலங்காரம், புதிய பொத்தான் இவையெல்லாம் அப்டேட்டோடு கூட வருபவை. முக்கியம் இந்த அடைப்பு வேலைதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். திருத்தம் வெளியான நாளிலிருந்து பழைய பதிப்பின் அபாயம் கூடுகிறது. புதிய பதிப்பையும் பழைய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓட்டை எங்கே இருந்தது என்பது விவரம் தெரிந்த எவருக்கும் புலப்பட்டுவிடும். அடைத்தவர்கள் தப்பினார்கள். அடைக்காதவர்களின் வீட்டுக்கு விலாசமே எழுதிக் கொடுத்தது போல ஆகிறது. "பத்து வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை சார்" என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். பத்து வருடம் முன்பு அந்த ஓட்டை ஒருவருக்கும் தெரியாது. இன்று தெரியும்.

2017-ஆம் ஆண்டு இதற்கு நல்ல உதாரணம். விண்டோஸில் ஒரு கணிப்பொறி இன்னொன்றுடன் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பகுதியில் ஓர் ஓட்டை இருந்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. சரியாக இரண்டு மாதம் கூட ஆகவில்லை. மே 12 அன்று 'வான்னக்ரை' என்ற நாசமென்பொருள் அந்த ஓட்டை வழியாகவே உலகம் முழுவதும் பரவியது. யாரும் எதையும் கிளிக் செய்யவேண்டிய அவசியம் இல்லை. ஒரு கணிப்பொறியில் புகுந்தால் அதே வலையில் உள்ள மற்றவற்றுக்குத் தானே தாவியது. கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயினாகக் கொடு என்று திரையில் எழுதிக் காட்டியது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் மாட்டிக்கொண்டன. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பவேண்டி வந்தது.

இது எங்கோ சீமையில் நடந்த கதை என்று எண்ணவேண்டாம். மே 15, திங்கட்கிழமை காலை, கேரளத்தில் அலுவலகங்கள் திறந்தபோது வயநாடு மாவட்டம் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்திலும், பத்தனம்திட்டை மாவட்டம் அருவாப்புலம் பஞ்சாயத்து அலுவலகத்திலும் அதே சிவப்புத் திரை தெரிந்தது. மறுநாள் தென்னக ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகத்தில், பணியாளர் பிரிவிலும் கணக்குப் பிரிவிலும் உள்ள கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன என்று செய்தி வந்தது. நல்லவேளை, ரயில் ஓட்டத்துக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. பாலக்காட்டில் வேலை பார்த்த நம் உறுப்பினர்கள் சிலருக்கு இது நினைவிருக்கும். உலக அளவில் மாட்டிக்கொண்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணிப்பொறிகள். அவற்றுக்கு இரண்டு மாதம் முன்பே திருத்தம் இலவசமாகக் கிடைத்திருந்தது, ஏற்றப்படவில்லை, அவ்வளவுதான். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே முடிந்திருந்தும், நிலைமையைப் பார்த்து மைக்ரோசாஃப்ட் அந்த வாரக் கடைசியில் அதற்கும் விசேஷமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. இப்படி எப்போதும் செய்வார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

ஜாவா என்ற விருந்தாளி

அப்டேட் செய்தாலும் பழையது போகாமல் தங்கிவிடும் என்பதற்கு ஜாவாவை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நம் வீடுகளுக்கு ஜாவா பெரும்பாலும் வருமான வரி மூலமாகத்தான் வந்தது. கணக்கு தாக்கல் செய்ய வருமான வரித் துறை தந்த மென்பொருள் சில ஆண்டுகள் ஜாவாவில் இருந்தது. அதை ஓட்ட ஜாவாவைத் தனியாக நிறுவவேண்டும். ஒவ்வொரு ஜூலையிலும் நமக்கோ ஆடிட்டர் ஆபீஸ் பையனுக்கோ இந்த வேலை வரும். 2021-22 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து துறை வேறு வகை மென்பொருளுக்கு மாறிவிட்டது. விருந்தாளியை அழைத்த காரியம் முடிந்தது. ஆனால் விருந்தாளி திண்ணையிலேயே படுத்திருக்கிறார்.

ஒருவர் அல்ல, மூன்று நான்கு பேர். சென்ற வருடம் ஒரு வீட்டில் மென்பொருள் பட்டியலைத் திறந்தபோது ஜாவா 6, ஜாவா 7-இல் இரண்டு, ஜாவா 8-இல் ஒன்று என நான்கு வரிகள் இருந்தன. வீட்டு அம்மா, "அப்டேட் கேட்கும்போதெல்லாம் சரி சரி என்றுதானே அமுக்கினேன் அண்ணா" என்றார்கள். அவர்கள் மீது தப்பே இல்லை. ஜாவா 6-இன் பத்தாவது அப்டேட்டுக்கு முன்பு வரை, ஒவ்வொரு புதுப் பதிப்பும் பழையதின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்துகொள்ளும், பழையதை நீக்காது. பிறகு வந்த அப்டேட்டுகளும் தனக்கு நேர் முந்தையதை மட்டும் நீக்கிவிட்டு, அதற்கும் முந்தையவற்றை அப்படியே விட்டுவைத்தன. புதுப் பூட்டு மாட்டிவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்தது போலத்தான்.

அமெரிக்காவில் இது வழக்காகவே போனது. ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் வாங்கியது. அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம், பாதுகாப்பு அப்டேட் என்று மக்களிடம் சொல்லிக்கொண்டு பழைய பதிப்புகள் உள்ளே தங்குவதை ஆரக்கிள் சொல்லாமல் விட்டது என்று குற்றம் சாட்டியது. 2015 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி, அப்டேட் செய்யும்போது பழைய பதிப்பு இருந்தால் அதைப் பயனாளருக்குத் தெரிவித்து, நீக்கும் வழியையும் ஆரக்கிள் தரவேண்டும். அப்போது ஜாவா 85 கோடிக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளில் இருந்ததாக ஆணையமே கூறியது. அதற்கும் முன்னால், 2013 ஜனவரியில், ஜாவாவில் ஓர் ஓட்டை வெளிப்பட்டபோது, பிரௌசரில் அதை முடக்கி வையுங்கள் என்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை மக்களுக்கு அறிவுறுத்தியது. ஜாவா 6-க்கு 2013-லும் ஜாவா 7-க்கு 2015-லும் பொதுமக்களுக்கான திருத்தங்கள் நின்றுவிட்டன.

உங்கள் வீட்டில் ஜாவா தேவைப்படும் மென்பொருள் எதுவும் இப்போது இல்லையென்றால், எல்லாப் பதிப்புகளையும் எடுத்துவிடலாம். தேவை இருந்தால் மிகப் புதிய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள்.

எடுக்கும் முறை

முதலில் முக்கியமான கோப்புகளை, அதாவது பென்ஷன் ஆவணம், வரிக் கணக்கு, புகைப்படம் ஆகியவற்றை ஒரு பென்டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ நகல் எடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியபடியே விட்டால் வான்னக்ரை போன்றவை அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

அடுத்து, விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கி, செட்டிங்ஸ் சென்று, ஆப்ஸ் என்ற பகுதியைத் திறக்கவும். நிறுவப்பட்ட எல்லா மென்பொருளும் பட்டியலாக வரும். பழைய கணிப்பொறிகளில் இதே பட்டியல் கண்ட்ரோல் பேனலில் 'புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' என்ற பெயரில் இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி கோடு போட்டு, பெயர், பதிப்பு எண், நிறுவிய தேதி ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். இது பழைய ஸெக்ஷன் இன்ஜினியர் புத்தி என்று என் மகன் கேலி செய்வான். ஆனால் எழுதும்போதுதான் ஒரே பெயர் இரண்டு வரிகளில் வருவது கண்ணில் படும். பெயர் புரியாதவற்றை உடனே எடுத்துவிடாதீர்கள். பிரிண்டர், ஒலி, திரை இவற்றுக்கான டிரைவர்கள் பட்டியலில் இருக்கும். 'விஷுவல் சி பிளஸ் பிளஸ்' என்று தொடங்கும் வரிகள் பல ஆண்டு எண்களோடு ஏழெட்டு இருக்கும். அவை ஜாவா மாதிரி அல்ல. வெவ்வேறு மென்பொருள்கள் அவற்றை நம்பி ஓடுகின்றன. அவற்றைத் தொடாதீர்கள்.

எடுக்கவேண்டியதைத் தேர்ந்து 'அன்இன்ஸ்டால்' என்பதை அமுக்கவேண்டும். டெஸ்க்டாப்பில் உள்ள சின்னத்தை மட்டும் குப்பைத் தொட்டிக்கு இழுத்துப் போட்டால் மென்பொருள் போகாது. வாசலில் பெயர்ப் பலகையைக் கழற்றினால் குடியிருப்பவர் காலி செய்ததாகுமா? ஒவ்வொன்றாக எடுங்கள். நடுவில் மறுபடி துவக்கச் சொன்னால் துவக்குங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் வழக்கமான வேலைகளைச் செய்து பாருங்கள். எதுவும் நிற்கவில்லை என்றால் அடுத்ததற்குப் போகலாம்.

பட்டியலில் தென்பட்டால் யோசிக்காமல் எடுத்துவிடக்கூடிய சில பெயர்கள் உண்டு. ஃப்ளாஷ் பிளேயரை அடோபி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அதில் எதுவும் ஓடாதபடி தடுத்தும் விட்டது. அந்த நாளில் சீனாவின் தாலியன் ரயில்வேயில், ரயில்களின் கால வரைபடத்தைப் பார்க்கும் மென்பொருள் ஃப்ளாஷை நம்பியிருந்ததால் முடங்கிவிட்டது. அங்குள்ளவர்கள் பழைய ஃப்ளாஷைத் தேடிப் பிடித்து மறுபடியும் ஏற்றி நிலைமையைச் சமாளித்தார்கள். ரயில்காரனாக எனக்கு அவர்கள் மீது அனுதாபம் உண்டு. ஆனால் மூன்றரை ஆண்டு முன்பே, 2017 ஜூலையில், தேதி அறிவித்த பிறகும் அதையே நம்பியிருந்தது என் கணக்கில் பெரிய குறை. விண்டோஸுக்கான குவிக்டைமை ஆப்பிள் 2016-லேயே விட்டுவிட்டது. சில்வர்லைட் 2021 அக்டோபரில் முடிந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றது. ஆபீஸ் 2007-க்கு 2017-லும், ஆபீஸ் 2010-க்கு 2020-லும், ஆபீஸ் 2016, 2019 ஆகியவற்றுக்கு 2025 அக்டோபர் 14-லும் திருத்தங்கள் நின்றன. ஆபீஸை எடுத்தால் கடிதம் எப்படி அடிப்பது என்று கேட்பீர்கள். லிப்ரே ஆபீஸ் இலவசம். பழைய கோப்புகளைத் திறக்கும். தமிழிலும் நன்றாக வேலை செய்யும்.

இன்னொரு வகை மென்பொருள்கள் தாமாகத் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளாதவை. சுருக்கிய கோப்புகளை விரிக்கும் வின்ரார் இவ்வகை. பத்து வருடம் முன் போட்டது என்றால் இன்றும் அதே பதிப்புதான் இருக்கும். 2019-இல் அதில் கண்டுபிடிக்கப்பட்ட ஓர் ஓட்டை ஏறத்தாழ 19 ஆண்டுகளாக உள்ளேயே இருந்தது. 2023-லும் 2025-லும் மீண்டும் ஓட்டைகள் வெளிப்பட்டு, திருத்திய பதிப்புகள் வந்தன. ஆனால் நாமாகச் சென்று இறக்கினால்தான் கிடைக்கும். சாதாரண ஜிப் கோப்புகளை விண்டோஸே விரித்துவிடும். அதற்காக மட்டும் வின்ரார் வைத்திருப்பவர்கள் எடுத்துவிடலாம்.

குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் போன்ற பிரௌசர்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அவை தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் பிரௌசரை முழுக்க மூடித் திறந்தால்தான் புதியது அமலுக்கு வரும். நாற்பது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மூடாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

விண்டோஸின் வயது

மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் ஏறத்தாழ 80 கோடி டன் பாரம் கடந்தபின் மாற்றத் தகுதியாகிறது. அது உடையும்வரை காத்திருப்பதில்லை. பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் கணக்கு முடிந்தால் மாற்றத் திட்டம் போடவேண்டும். விண்டோஸுக்கும் இப்படிக் கணக்கு உண்டு. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வேண்டுமென்று பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கணிப்பொறி அதன்பின்னும் ஓடும். ஓடுவது வேறு, காப்பு வேறு.

உங்களிடம் இருப்பது எது என்று தெரியவில்லையா? கீபோர்டில் விண்டோஸ் சின்னம் உள்ள விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அமுக்குங்கள். வரும் சிறு பெட்டியில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்ற ஆறு எழுத்துகளை இடைவெளியின்றி அடித்து என்டர் தட்டினால் பதிப்பு தெரியும்.

விண்டோஸ் 11-க்கு மாற எல்லாக் கணிப்பொறியும் தகுதி பெறாது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் சில்லு முதல், அதனுடன் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இடம் வேண்டும். 2017-க்கு முன் வாங்கியவை பெரும்பாலும் தேறாது. அப்படியானால் தூக்கி எறிவதா? கேரளத்தில் இருக்கும் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. இங்குள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள். 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. அதன் தலைமையகம் நம் பூஜப்புரையில். அவர்கள் உபுண்டு 22.04-ஐ அடிப்படையாக வைத்து 2024-இல் ஒரு இயங்குதளம் வெளியிட்டார்கள். யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்புப் பேத்திக்கு அது தண்ணீர் பட்ட பாடு. தாத்தாவுக்கு அவள் சொல்லிக் கொடுக்கட்டும். பிரௌசர், கடிதம், புகைப்படம் என்ற அளவில் உபயோகிப்பவர்களுக்குப் போதுமானது. வங்கி அல்லது வரி விஷயத்தில் டிஜிட்டல் கையெழுத்துக் கருவி செருகுபவர்கள் மட்டும், அது லினக்ஸில் வேலை செய்யுமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளவேண்டும். லினக்ஸ் போட்டாலும் அதற்கும் அப்டேட் உண்டு. லினக்ஸுக்கு வைரஸே வராது என்று சிலர் சொல்வதை நம்பி அதை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

"அப்டேட் செய்தால் கெட்டுப்போகிறதே!"

இந்தக் குறை நியாயமானதே. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையோடு நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள், வீடுகளில் இருப்பதில்லை. எனினும் வீட்டிலும் அபூர்வமாக ஒரு அப்டேட்டுக்குப் பின் பிரிண்டர் பேசாமல் போவதுண்டு. இதற்கு மாற்று, அப்டேட்டை நிறுத்துவது அல்ல. நகல் எடுத்து வைப்பதும், ஓரிரு நாள் தாமதிப்பதும் போதும். மைக்ரோசாஃப்ட் 2003 முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று திருத்தங்களை வெளியிடுவது வழக்கம். நேர வித்தியாசத்தால் நமக்கு அது செவ்வாய் இரவுதான் வரும். நான் அந்த வாரத்துச் சனிக்கிழமை காலையில் ஏற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது தகராறு என்றால் மகனும் வீட்டில் இருப்பான்! இரண்டு மாதம் தாமதிப்பது மட்டும் கூடாது. வான்னக்ரைக்கு இடம் கொடுத்தது அந்த இரண்டு மாதம்தான்.

இன்னொரு எச்சரிக்கை. அப்டேட் என்ற பெயரிலேயே ஏமாற்று நடக்கிறது. ஏதோ ஒரு பக்கத்தைப் படிக்கும்போது, உங்கள் கணிப்பொறியில் வைரஸ், உடனே இதை இறக்குங்கள், இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள் என்று திரை முழுக்கச் சத்தத்தோடு வரும். மைக்ரோசாஃப்ட் யாருக்கும் இப்படிப் போன் எண் காட்டுவதில்லை. தானாகப் போன் செய்வதும் இல்லை. பிரௌசரை மூடுங்கள், மூட வரவில்லை என்றால் கணிப்பொறியையே அணையுங்கள். உண்மையான அப்டேட் செட்டிங்ஸுக்குள் இருக்கும். அல்லது அந்த மென்பொருளுக்குள்ளேயே 'ஹெல்ப்' பகுதியில் இருக்கும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் யோசிக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தெரிவித்தால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

பழைய தமிழ் எழுத்துருக்கள்

நம் சங்கத்து அன்பர்கள் பழையதை விடத் தயங்குவதற்கு உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. பழைய மலர்கள், ஆண்டறிக்கைகள், அப்பா எழுதிய கட்டுரைகள் எல்லாம் பேஜ்மேக்கரிலும், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களிலும் இருக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7. அது வந்தது 2001-இல். யூனிகோடு அதற்குத் தெரியாது. அந்தக் கோப்பைப் புதுக் கணிப்பொறியில் திறந்தால் கோடும் கொக்கியுமாக ஆங்கிலக் குறிகள் தெரியும். அதனால் எக்ஸ்பி கணிப்பொறியை விடமுடியவில்லை என்கிறார்கள். நியாயம்தான், விடவேண்டாம். ஆனால் அதிலிருந்து இன்டர்நெட் கம்பியைக் கழற்றிவிடுங்கள். வைஃபை இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அந்தக் கணிப்பொறியில் மின்னஞ்சல், வங்கி எதுவும் வேண்டாம். தட்டச்சு மெஷின் மாதிரி அது தன்பாட்டுக்கு மூலையில் இருக்கட்டும். அதிலிருந்து வெளியே எடுக்கும் பென்டிரைவைப் புதுக் கணிப்பொறியில் செருகியதும் வைரஸ் சோதனை செய்தபின் திறவுங்கள்.

அதே சமயம் கோப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. தமிழ்நாட்டு அரசு 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடையும் டேஸ்16-ஐயும் ஏற்று ஆணையிட்டது. மாற்றுவதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மென்பொருள்கள் உண்டு. பேஜ்மேக்கர் பக்கத்திலிருந்து எழுத்தை மட்டும் நகலெடுத்து அதில் ஒட்டி, எந்த எழுத்துரு வகை என்று தேர்ந்தெடுத்தால் தமிழாக மாறி வரும். வகை சரியாகத் தெரியாவிட்டால் டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கவேண்டியதுதான். ஒரு வரியைக் கொண்டு சோதித்துவிட்டு, பிறகு முழுப் பக்கத்தையும் மாற்றுங்கள். கொம்பும் காலும் இடம் மாறிப்போன சொற்கள் சில இருக்கும். அவற்றைக் கையால் திருத்தவேண்டும். ஒரு மலருக்கு இரண்டு மாலை நேரம் ஆகலாம். தட்டச்சுக்காகத் தனி மென்பொருள் இப்போது அவசியமில்லை; விண்டோஸ் 11-லேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதியில் தமிழைச் சேர்த்தால் கிடைக்கும்.

பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள் மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு பென்டிரைவில் கொண்டுவந்தால், கூட்டம் முடிந்தபின் உட்கார்ந்து எந்த எழுத்துரு என்று பார்த்துச் சொல்கிறேன். எழுத்துருக் கோப்பும் கூடவே இருந்தால் வேலை சுலபம். அது பழைய கணிப்பொறியின் கண்ட்ரோல் பேனலில் 'ஃபான்ட்ஸ்' என்ற உறைக்குள் இருக்கும்.